ஈறு நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் சுகாதாரப் பிரிவுக்கு வருபவர்களுக்கு முக்கியமான சந்தேகம் பெரும்பாலும் வாயில் கருவி இருக்கும்போதுதான் தோன்றுகிறது. அல்லது எல்லாம் முடிந்து கதவருகே போன பிறகு நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கேட்டு, அவற்றுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதால் இதைத் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றவில்லை. இங்கே இருப்பவை பொதுவான விளக்கங்கள். உங்கள் வாயைப் பார்த்தவரின் முடிவுக்கு இவை மாற்று ஆகா.

பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறது, ஆனால் வலியே இல்லை. இதற்காகவெல்லாம் வரவேண்டுமா?

வரவேண்டும். நலமான ஈறு தூரிகை பட்டதும் கசியாது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிப் படலம் தங்கிவிட்டால், அதை எதிர்க்க உடல் அந்த இடத்துக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. நுண்குழாய்கள் விரிகின்றன, ஈறின் உட்புறத் தோல் மெலிகிறது, இலேசாகத் தொட்டாலும் இரத்தம் வருகிறது. வலி இல்லாமல் இருப்பதுதான் இந்த நோயின் இயல்பு. உலகில் 100 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஈறு நோயின் தீவிர நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. வலித்திருந்தால் இவர்களில் பலர் முன்பே வந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்களே அதிகம். அது நோய்க்கு நாமே வழிவிடுவது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு 1965இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. நல்ல ஈறுகள் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. எனவே இரத்தம் வரும் இடத்தைத்தான், மென்மையாக, ஆனால் தவறாமல் துலக்க வேண்டும். இரண்டு வாரம் அப்படிச் செய்தும் நிற்கவில்லை என்றால், தூரிகை எட்டாத ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

ஈறு வீக்கம், ஈறு நோய் எல்லாம் ஒன்றுதானே?

ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள் என்று சொல்லலாம். ஆனால் இடையே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஈறு மட்டும் சிவந்து வீங்கி இரத்தம் கசிவது ஈறு அழற்சி. மேலே சொன்ன ஆய்வில் நடந்ததைப் போல அது முழுமையாகக் குணமாகக்கூடியது. அழற்சி உள்ளே இறங்கி, பல்வேரைத் தாடை எலும்போடு பிணைத்திருக்கும் நார்களையும் அந்த எலும்பையும் கரைக்கத் தொடங்கினால், அது பல் சுற்றுத்திசு நோய். அதைத் தடுத்து நிறுத்தலாம். இழந்ததில் பெரும்பகுதி திரும்பாது.

ஈறு அழற்சி உள்ள எல்லாருக்கும் அடுத்த கட்டம் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்லவும் முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

தினமும் இரண்டு வேளை தேய்க்கிறேன். எனக்கு எப்படிப் பற்காரை படிந்தது?

எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன. பல்லில் விட்டுப்போன மெல்லிய படலத்தில் அவை படிந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்குகின்றன. இறுகிவிட்ட பிறகு எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் போகாது. அழுத்தியதற்கு ஈறு இறங்குவதுதான் மிச்சம். கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னம் பார்த்த பக்கத்திலும் காரை அதிகமாகச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன.

இன்னொன்று: எத்தனை வேளை தேய்த்தாலும் சாதாரணத் தூரிகை இரண்டு பற்களுக்கு நடுவே நுழையாது. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்கும் இடமும் அந்த நடுப்பகுதியே. உங்கள் முயற்சியில் குறை இல்லை, கருவியில்தான் குறை.

பரிசோதனையில் என்ன செய்கிறீர்கள்? ஏதோ எண்களாகச் சொல்லிக்கொண்டே போகிறீர்கள், ஒன்றும் புரிவதில்லை.

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. பல்லைச் சுற்றி ஈறு ஒரு சட்டைக் கழுத்துப்பட்டியைப் போல அமைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் உண்டு. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பியை அந்தப் பள்ளத்தில் இறக்கி ஆழம் பார்க்கிறோம். கை கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 25 கிராம் எடை அளவுதான். ஒவ்வொரு பல்லிலும் வெளிப்புறம் மூன்று, உட்புறம் மூன்று என ஆறு இடங்கள். ஞானப்பற்களை விட்டுவிட்டால் 28 பற்களுக்கு 168 எண்கள். ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்கிறார்.

"மூன்று, இரண்டு, மூன்று" என்று காதில் விழுந்தால் நிம்மதியாகப் படுத்திருக்கலாம். 1 முதல் 3 வரை நலமான அளவு. 4 என்பது கவனிக்க வேண்டிய இடம், அதுவும் இரத்தக் கசிவோடு சேர்ந்தால் கூடுதலாக. 5, 6 என்று போனால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து ஒரு பையைப் போல ஆகிவிட்டது. அதன் அடிக்கு உங்கள் தூரிகை எட்டாது. "மூன்று, இரண்டு, ஆறு" என்று சொல்லும்போது அந்த ஆறில் என் குரல் என்னையறியாமல் தாழ்ந்துவிடும். நாற்காலியில் இருப்பவரும் அதைக் கவனித்துவிடுவார்.

ஆழத்தோடு இன்னும் இரண்டைக் குறிக்கிறோம். தொட்ட இடத்தில் இரத்தம் வந்ததா என்பது ஒன்று. மொத்த இடங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவான இடங்களில் வந்தால் ஈறு பொதுவாக நலமாக இருக்கிறது என்று கொள்வது வழக்கம். ஈறு எவ்வளவு கீழிறங்கியிருக்கிறது என்பது மற்றொன்று. இதை விட்டுவிட்டால் எண்கள் ஏமாற்றும்: பையின் ஆழம் வெறும் 3 மி.மீ. என்றாலும், ஈறு 4 மி.மீ. இறங்கியிருந்தால் அந்தப் பல் மொத்தம் 7 மி.மீ. பிடிப்பை இழந்திருக்கிறது. உங்கள் அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்கள் எண்கள். அடுத்த ஆண்டு எங்கே நிற்கிறீர்கள் என்பதை அவற்றோடு ஒப்பிட்டால்தான் யாராலும் சொல்ல முடியும்.

எக்ஸ்ரே கட்டாயமா?

எல்லாருக்கும் இல்லை. ஆழமான பைகள் இருந்தால் வேண்டும். நலமான வாயில் எனாமல் முடியும் கோட்டுக்கு ஒன்று இரண்டு மி.மீ. கீழே எலும்பின் விளிம்பு தெரியும். அது எவ்வளவு இறங்கியிருக்கிறது, சீராகவா அல்லது ஓரிடத்தில் மட்டும் குழியாகவா என்பதைப் படம் காட்டுகிறது. ஆனால் இதுவரை நடந்த இழப்பைத்தான் அது காட்டும். நோய் இன்று நடந்துகொண்டிருக்கிறதா என்று சொல்லாது. அதனால் படத்தை மட்டும் பார்த்து, கம்பியால் அளக்காமல் முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை.

கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்கிறார்களே?

இந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. சொல்பவர்கள் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் படிந்த காரை, எலும்பின் பிடிப்பை இழந்த பற்களைச் சிமெண்ட்டைப் போல ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும், முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பற்களின் நடுவே காரை அடைத்திருந்த இடம் திறந்துகொள்கிறது. வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சுருங்குவதால் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. சுத்தம் செய்தது அந்த இழப்பை உண்டாக்கவில்லை, மூடியிருந்த திரையை விலக்கியது.

ஒரு மூதாட்டி, சிகிச்சை முடிந்து கைக்கண்ணாடியில் தன் கீழ்ப்பற்களைப் பார்த்தபோது, நாக்கின் நுனியை அந்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இங்கே சுவர் இருந்ததே" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. அந்தச் சுவரின் பின்னால்தான் எலும்பு கரைந்துகொண்டிருந்தது. இதை முன்கூட்டியே சொல்லாமல் கருவியை எடுப்பது எங்கள் தரப்பின் தவறு என்றே கருதுகிறேன். அழற்சி தணிந்த பிறகு பல சமயம் ஆட்டம் ஓரளவு குறைவதும் உண்டு.

கிளீனிங் செய்யும் அந்த இயந்திரம் எனாமலைத் தேய்த்துவிடாதா?

ஒரு நொடிக்கு 25,000 தடவைக்கும் மேல் அதிரும் முனையும், அதைக் குளிர்விக்கும் நீரும் சேர்ந்து காரையைத் தட்டி உதிர்க்கின்றன. அது தேய்க்கும் கருவி அன்று. முனையின் பக்கவாட்டை இலேசாக வைத்து முறையாகப் பயன்படுத்தினால் எனாமலுக்குக் கேடு இல்லை. அதன்பின் சில நாட்கள் பல் கூசினால், காரையின் கீழே மறைந்திருந்த வேர்ப்பகுதி இப்போது குளிர்ச்சியை உணர்கிறது என்பதே காரணம்.

சாதாரண கிளீனிங்குக்கும் டீப் கிளீனிங்குக்கும் என்ன வேறுபாடு? வலிக்குமா?

ஈறின் விளிம்புக்கு மேலே உள்ள காரையையும், விளிம்பை ஒட்டிச் சற்றே கீழே உள்ளதையும் எடுப்பது சாதாரண சுத்தம். 4 மி.மீ.யும் அதற்கு மேலும் ஆழமான பைகளுக்குள் இறங்கி, வேரின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் படலத்தையும் காரையையும் அகற்றுவது ஆழ்சுத்தம். அதிரும் முனையோடு, வேரின் வளைவுக்கு ஏற்ப வளைந்த கைக்கருவிகளும் தேவைப்படும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரல்நுனியின் உணர்வை நம்பி நடக்கும் வேலை என்பதால் நேரம் எடுக்கும். ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்பவர்களும் உண்டு. பலன் பெரிதாக மாறுவதில்லை, எனவே உங்களுக்கு எது வசதி என்று சொல்லுங்கள்.

மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வதால் வேலையின்போது வலி தெரியாது. உணர்வு திரும்பும்வரை கன்னத்தையோ உதட்டையோ கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓரிரு நாள் ஈறு புண்ணாக இருப்பதைப் போல் தோன்றும். கூச்சம் சில வாரம் நீடிக்கலாம். அந்த நாட்களிலும் துலக்குவதை நிறுத்தக் கூடாது.

மாத்திரையோ மௌத்வாஷோ கொடுத்துச் சரிசெய்ய முடியாதா?

முடியாது. கிருமிகள் பசை போன்ற ஒரு போர்வைக்குள் கூட்டமாக வாழ்கின்றன. மருந்து அந்தப் போர்வையை எளிதில் ஊடுருவாது. முதலில் கையால் கலைக்க வேண்டும். காய்ச்சலோடு கூடிய சீழ்க்கட்டி, இளம் வயதிலேயே வேகமாகப் பரவும் நோய் போன்ற சில நிலைகளில் சுத்தம் செய்வதோடு சேர்த்து மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதுவார். சுத்தம் செய்யாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் வீக்கம் தற்காலிகமாக வற்றும், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கொப்பளிப்பு மருந்து சிகிச்சைக்குப் பிந்தைய குறுகிய காலத்துக்கு உதவும். மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவை மாறும். மேலும், எந்தக் கொப்பளிப்பும் பையின் அடிவரை இறங்குவதில்லை.

ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டால் போதாதா? ஏன் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறீர்கள்?

ஆழ்சுத்தத்துக்குப் பிறகு ஈறு ஆறி, வேரை மீண்டும் இறுகப் பற்றுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். அதனால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அதே 168 இடங்களையும் மறுபடி அளக்கிறோம். 6 ஆக இருந்தது 4 ஆகியிருந்தால், இரத்தமும் நின்றிருந்தால், சிகிச்சை வேலை செய்திருக்கிறது. இந்த மறு அளவீட்டுக்கு வராமல் விட்டுவிடுபவர்கள் பாதிச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் கடினமான பாதியை அவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டார்கள்.

பல் சுற்றுத்திசு நோய் ஒருமுறை வந்தவருக்கு அது மறுபடி வரும் இயல்பு வாழ்நாள் முழுவதும் இருக்கும். நிலைமைக்கு ஏற்ப 3 மாதத்துக்கு ஒருமுறையோ 6 மாதத்துக்கு ஒருமுறையோ பராமரிப்புக்கு வரச் சொல்வது அதனால்தான். எண்கள் நிலையாக இருந்தால் இடைவெளியை நீட்டலாம். அதை நீங்களே கேளுங்கள்.

மறுபடி அளந்தும் குறையவில்லை என்றால் அறுவை சிகிச்சைதானா? கரைந்த எலும்பு வளருமா?

முதலில் குறையாத இடங்களில் மட்டும் மறுபடி சுத்தம் செய்து பார்ப்பது வழக்கம். அதற்குப் பிறகும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்றால், ஈறை இலேசாக விலக்கி வேரை நேரில் பார்த்துச் சுத்தம் செய்து, தைத்து மூடும் சிறு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். கடைவாய்ப் பற்களில் வேர்கள் பிரியும் இடத்துக்குள் நோய் புகுந்திருந்தால் இதற்கான தேவை அதிகம்.

எலும்பு சீராக எல்லா இடத்திலும் இறங்கியிருந்தால் அதை மேலே கொண்டுவர இயலாது. குறுகிய, ஆழமான குழியாக இருந்தால், எலும்புத் துகளோ சவ்வோ வைத்து ஓரளவு மீட்கும் முறைகள் உள்ளன. எல்லாவற்றையும் திரும்ப வளர்த்துத் தருவதாக யாரேனும் உறுதி கூறினால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஈறுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இரு பக்கமும் தொடர்பு உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும், புண் ஆறுவது தாமதமாகும். ஈறில் நீடிக்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற பின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு சிறிதளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது உங்கள் மருந்துக்கு மாற்று அன்று. வரும்போது அண்மைய பரிசோதனை முடிவைக் கொண்டுவாருங்கள், வழக்கமான உணவையும் மருந்தையும் தவிர்க்காமல் வாருங்கள்.

நான் புகைபிடிப்பவன். ஆனால் என் ஈறில் இரத்தமே வருவதில்லையே?

முதல் கேள்வியில் இரத்தக் கசிவை ஓர் எச்சரிக்கையாகச் சொன்னேன். புகை அந்த எச்சரிக்கையை அடக்கிவிடுகிறது. ஈறின் இயல்பான இரத்த எதிர்வினை குறைவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ஈறு வெளிறி, உறுதியாகத் தோன்றும். புகைபிடிப்பவருக்கு இரத்தம் வரவில்லை என்பது ஆறுதல் அன்று. ஆழத்தை அளந்து பார்த்தால்தான் தெரியும். சிகிச்சையின் பலனும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கும். புகையை விட்டுவிட்ட சில வாரங்களில் ஈறில் இரத்தம் வரத் தொடங்கினால் அஞ்ச வேண்டாம், அடங்கியிருந்த எதிர்வினை திரும்புகிறது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டு வரட்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. பெரும்பாலான ஈறு சிகிச்சைகளை மருந்தைத் தொடர்ந்தபடியே செய்ய முடியும். தேவை என்றால் உங்கள் மருத்துவரோடு நாங்கள் பேசுவோம். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களும், இதய உட்சவ்வில் முன்பு தொற்று ஏற்பட்டவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் சிகிச்சைக்கு முன் அவர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும்.

எலும்பு தேய்மானத்துக்கான மருந்துகளையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். கர்ப்பிணிகளுக்கும் ஈறு எளிதில் வீங்கும். சுத்தம் செய்வது அவர்களுக்குப் பாதுகாப்பானது, இரண்டாவது மும்மாதம் வசதியான காலம்.

ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட் வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்துவிடுமல்லவா?

தீராது. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேரான இம்பிளாண்ட் சொத்தையாகாது, ஆனால் அதைச் சுற்றியும் ஈறு உண்டு, எலும்பு உண்டு, அதே கிருமிகளும் உண்டு. அதைச் சுற்றி எலும்பு கரையும் நோய், முன்பு ஈறு நோய் இருந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். வந்துவிட்டால் சிகிச்சை இன்னும் கடினம். வாயில் எஞ்சியிருக்கும் நோயை அடக்கிய பிறகுதான் இம்பிளாண்ட் பற்றிப் பேச வேண்டும். ஆடும் பல் எல்லாம் பிடுங்க வேண்டிய பல்லும் அன்று.

வீட்டில் நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மென்மையான தூரிகையை ஈறின் விளிம்பை நோக்கி 45 பாகைச் சாய்வில் வைத்து, சிறு அசைவுகளாக இரண்டு நிமிடம் துலக்குங்கள். தூரிகையின் இழைகள் ஓரிரு வாரத்தில் விரிந்து போகிறது என்றால் அழுத்தம் மிகுதி. பிறகு பற்களின் நடுவே: இடைவெளி இருந்தால் இடைப்பல் தூரிகை, நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் எனும் பல்லிடை நூல். இடைப்பல் தூரிகையின் கம்பி பல்லில் உரசாமல், இழைகள் இருபுறமும் சற்றே அழுந்திச் செல்ல வேண்டும். ஒருவருக்கே இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம். நடுவே விட்டு எடுத்ததை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால், அந்த இடத்தை இதுவரை எதுவும் எட்டவில்லை.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் 6 மி.மீ. குறையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

மற்ற இடங்கள் எல்லாம் 3க்குத் திரும்பியிருந்தால், குறை உங்களிடம் இல்லை. அந்தப் பல்லிடம் காரணம் தேட வேண்டும். பழைய அடைப்பின் விளிம்பு ஈறுக்குள் துருத்திக்கொண்டிருக்கலாம், பல்லுறை சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், வேரில் பிறவியிலேயே ஒரு பள்ளக்கோடு ஓடலாம். பல்லின் நரம்பு இறந்து, அங்கிருந்து வடியும் சீழ் ஈறுப்பை வழியாக வெளியேறுவதும் உண்டு. அப்போது வேர்ச்சிகிச்சை செய்தால்தான் ஆழம் குறையும்.

கம்பி ஒரே ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று ஆழமாக இறங்கி, அதன் இருபுறமும் 2, 3 என்றே இருந்தால், வேரில் நெடுக்கு விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே வேர்ச்சிகிச்சை செய்த பல்லில் இந்த ஐயம் இன்னும் வலுக்கும். அப்படி விரிசல் உறுதியானால் அந்த வேரை எடுப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அந்த எண் இறங்காது.